எறும்புகளுக்கு எழுதிய கடிதம்

ஆல்டர் முற்றத்தில் எறும்பைக் கொல்லக் கூடாது. ஓரிகன் மாநிலத்தில் மழை விடாத ஒரு சிற்றூரில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கி நடத்துகிற குடியிருப்பு அது. விஷ மருந்து எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று கேட்டிலேயே பலகை மாட்டியிருந்தார்கள். சிலந்தி வந்தால் அதன்மேல் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட வேண்டும். துணிப்பூச்சிக்கு தேவதாருக் கட்டை, மாவுப்பூச்சிக்கு பிரிஞ்சி இலை, கொசுவுக்கு எலுமிச்சைப் புல். பூச்சிக்கு இத்தனை இரக்கம் காட்டுகிறவர்கள் மனுஷிக்குக் காட்டாமலா இருப்பார்கள் என்று நம்பித்தான் லொரெட்டா நவம்பரில் ஆறாம் எண் வீட்டுக்குக் குடிவந்தாள். பாவம், அவள் நம்பியதில் தப்பில்லை.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. ஊர்க்கோடி பேக்கரியில் விடியுமுன் மாவு பிசைகிற வேலை. விவாகரத்துக்குப் பிறகு இரண்டு மாதம் காரிலேயே படுத்துத் தூங்கியவள். மகள் ஜோலி, எட்டு வயது, போய்ஸி நகரத்தில் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். ஜூன் மாதத்துக்குள் நிலையான முகவரி ஒன்றைக் காட்டு, பெண்ணை உன்னோடு அனுப்புகிறேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஆல்டர் முற்றத்தில் புதிதாக வருகிறவருக்கு ஆறு மாதம் பரீட்சைக் காலம். ஏப்ரல் கடைசி ஞாயிறன்று எல்லாரும் கூடி, வீட்டுக்கு ஒன்றாக அட்டை காட்டுவார்கள். பச்சை என்றால் சம்மதம், மஞ்சள் என்றால் யோசனை, சிவப்பு என்றால் மறுப்பு. ஒரே ஒரு சிவப்பு போதும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

லொரெட்டா மாடியறையில் ஒரு பழைய கட்டிலை வாங்கிப் போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஜோலி அந்தக் கட்டிலைப் பற்றித்தான் கேட்பாள். ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா, தலை எந்தப் பக்கம் வைத்துப் படுக்க வேண்டும் என்று.

மார்ச் முதல் வாரம் எறும்பு வந்தது. அடுப்பங்கரை ஜன்னல் மூலையிலிருந்து சுவர் வழியாக மேடைக்கு, மேடையிலிருந்து ரொட்டிப் பெட்டிக்கு. ஒன்று இரண்டல்ல, ஒரு ஊர்வலமே வந்தது.

குடியிருப்பில் பூச்சி விஷயங்களுக்கெல்லாம் பொறுப்பு மார்லிஸ். அறுபத்தைந்து வயது, இடுப்பு வரை வெள்ளிப் பின்னல், தேனீ வளர்க்கிறவள், அந்த இடத்தை ஆரம்பித்த நால்வரில் மிஞ்சியவள். பேச்சிலும் தேன்தான் ஒழுகும். லொரெட்டாவை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் கண்ணுதான். அந்தக் கண்ணு வந்தாலே பின்னால் ஒரு குத்து வருகிறது என்பது லொரெட்டாவுக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது.

ஆல்டர் முற்றத்து வழக்கப்படி, எறும்பு வந்தால் முதலில் அதற்குக் கடிதம் எழுத வேண்டும். நான் விளையாடவில்லை. காகிதத்தில் மரியாதையாக எழுதி, எறும்பு வருகிற இடத்தில் ஒட்டி, மூன்று நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வினிகரைத் தொடலாம். நாலரை மணிக்கு எழுந்து ஓடுகிறவளுக்கு எறும்போடு கடிதப் போக்குவரத்து நடத்த ஏது நேரம்? 'எறும்புகளே, தயவுசெய்து போய்விடுங்கள்' என்று ஒரு வரி எழுதி ஒட்டினாள். மார்லிஸ் வந்து படித்துவிட்டு, முகத்தில் அடி வாங்கியவள்போல நின்றாள்.

"கண்ணு, இதுல பாசமே இல்லையே. விரட்டுற மாதிரி இருக்கு. அதுங்களுக்கும் மனசு இருக்கும்ல?"

அப்புறம் மார்லிஸே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, லொரெட்டா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினாள். 'அன்பான எறும்புகளே, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த வீடு உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு ஏற்ற இடம் வேறெங்கோ காத்துக்கொண்டிருக்கிறது. வாழ்த்தி வழியனுப்புகிறோம், அமைதியாகப் போய் வாருங்கள்.' மார்லிஸ் கீழே ஒரு சின்னப் பூ வரைந்து கொடுத்தாள். எறும்புகள் கடிதத்தின் மேலேயே ஏறி, பூவைச் சுற்றிக்கொண்டு ரொட்டிப் பெட்டிக்குப் போயின.

மூன்று நாளுக்குப் பிறகு லொரெட்டா செய்யாதது ஒன்றுமில்லை. வினிகரும் தண்ணீரும் கலந்து மேடையைத் துடைத்தாள். ஜன்னல் ஓரமெல்லாம் பட்டைத் தூள் தூவினாள். சாக்பீஸால் கோடு போட்டாள். வெள்ளரித் தோல், கிராம்பு, காப்பிச் சக்கை, புதினா எண்ணெய் தோய்த்த பஞ்சு என்று ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் மளிகைக் கடை வாசனை அடித்தது. ஒரு நாள் குறையும், மறுநாள் இரண்டு மடங்காக வரும்.

மார்லிஸ் வாரா வாரம் வந்து மேடையில் விரலால் தேய்த்து மோந்து பார்ப்பாள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். மற்ற ஏழு வீட்டிலும் எறும்பு இல்லையே கண்ணு, இங்கே மட்டும் ஏன், என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். பேக்கரிச் சர்க்கரைதான் காரணமாம். லொரெட்டாவின் ஷூவிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். அன்றிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வந்தது. லொரெட்டா வேலை முடிந்து வந்ததும் ஷூவையும் மேலங்கியையும் அதில் போட்டுவிட்டு, முற்றம் முழுக்க வெறுங்காலோடு நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். மார்ச் மாத மழையில், ஏழு வீட்டு ஜன்னலும் பார்க்க, அவள் நடந்தாள். நாலாம் எண் வீட்டுக்காரி ஒருத்தி ஜன்னலைத் திறந்து, மண்ணை வெறுங்காலால் தொடுவது உடம்புக்கு ரொம்ப நல்லது என்று வாழ்த்தினாள்.

லொரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். கோபம் வராமலா? ஆனால் ஏப்ரல் கடைசி ஞாயிறு வரைக்கும்தானே. மஞ்சள் கட்டிலை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

பக்கத்து ஐந்தாம் எண் வீட்டில் ஆரின் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மூஸ் என்று ஒரு கிழட்டு நாய்தான் துணை. குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. மூஸுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை மார்லிஸ் கையெழுத்துப் போட்டு விலக்குக் கொடுப்பாள். ஆரின் ஒருவர்தான் லொரெட்டாவின் வாளியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர். அவள் கொண்டுவரும் நேற்றைய ரொட்டியில் பாதி அவருக்கும் மூஸுக்கும் போகும்.

ஏப்ரலில் மார்லிஸ் பொது மண்டபத்தில் வழக்கமான வசந்தகால வகுப்பு எடுத்தாள். விஷமில்லாமல் பூச்சியை விலக்குவது எப்படி என்று. அதில் அவள் முதலில் சொன்னது இதுதான். எறும்பு வரிசையைப் பார்த்ததும் எல்லாரும் அவசரப்பட்டுத் துடைத்துவிடுகிறார்கள், அது தப்பு. துடைக்குமுன் அதன் பின்னாலேயே போங்கள், எங்கே போகிறது, எதைத் தேடி வருகிறது என்று கடைசி வரைக்கும் பாருங்கள். நல்ல பாடம். வாத்தியார் எப்படி இருந்தாலும் பாடம் நல்ல பாடம்தான்.

லொரெட்டா தன் விடுமுறை நாளில், மழை விட்ட ஒரு மத்தியானம், அப்படியே செய்தாள். துணியை எடுக்கவில்லை. மேடையிலிருந்து வரிசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் மூலைக்குப் போனாள். வெளியே வந்து முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் போகிற வரிசை நூல் மாதிரி இருந்தது. ஆனால் தோட்டத்து மண்ணிலிருந்து சுவர்மேல் ஏறுகிற வரிசை கயிறு மாதிரி தடித்திருந்தது. அது ஜன்னலுக்கு அடியில் இருந்த பலகை இடுக்குக்குள் போனது. கையை விட்டுத் தடவினாள். தகர மூடி ஒன்று கிடைத்தது, தேன் பாட்டில் மூடி. அதில் விளிம்பு வரை தேன். எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. எறும்பைத் தட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தால், மூடியின் மறுபக்கத்தில் அதே சின்னப் பூ. மார்லிஸ் தன் தேன் பாட்டில்களில் எல்லாம் கையால் வரைகிற பூ.

லொரெட்டா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரம் வெறுங்காலோடு நடந்தது நினைவுக்கு வந்து காது சுட்டது.

மூடியை எடுத்துக்கொண்டு நேராக ஆரினிடம் போனாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூஸின் காதைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"நான் பாத்தேம்மா. ரெண்டு தடவ. நீ வேலைக்குப் போனப்புறம் உன் ஜன்னல் பக்கம் குனிஞ்சிட்டு இருந்தா. ஏதோ செடிக்கு உரம் போடுறான்னு நெனச்சேன்."

"எதுக்கு ஆரின்? நான் அவங்களுக்கு என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அவ தங்கச்சி கொரின் இருக்காளே, மூணு வருஷமா அந்த ஆறாம் நம்பருக்குத்தான் காத்துட்டு இருக்கா. உன்ன எடுத்தது மத்தவங்க. மார்லிஸ் எடுக்கல."

சபையில் இதைச் சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமா இரு, நான் இருக்கேன் என்றார். அந்த நிமிஷத்தில் அவர் அதை மனசாரத்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் லொரெட்டா ஒரு தப்புச் செய்தாள். ஆல்டர் முற்றத்தில் ஒருவர்மேல் குறை இருந்தால், முதலில் அவரோடு தனியாக உட்கார்ந்து, தேநீர் குடித்து, நடுவில் ஒருவரை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும். சபையில் போட்டு உடைக்கக் கூடாது. திருடியவனைவிட திருடன் என்று சபையில் கத்தியவன்தான் அங்கே பெரிய குற்றவாளி. குடிவந்த அன்றே இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவள்தான் அவள். கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோமே, இதற்குத் தேநீர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பொது மண்டபம். பருப்பு சூப்பும் பூசணி ரொட்டியும் சாப்பிட்டு முடித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். லொரெட்டா பேச்சை ஆரம்பிக்காமல் மூடியைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்தாள். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. மூடியில் இருந்த பூ எல்லாருக்கும் தெரிந்தது.

மார்லிஸ் மறுக்கவே இல்லை. மூடியைக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"ஆமா, நான்தான் வெச்சேன். வெளியவே வயிறு ரொம்பிட்டா உள்ள வராதுல்ல? கண்ணு பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து கஷ்டப்படுறாளேன்னு, அவளுக்குத் தெரியாமலே உதவி செஞ்சிட்டு இருந்தேன். அத இப்படி நெனச்சிட்டாளே."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டும் பாடினாள். வட்டத்தில் நாலைந்து பேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். நாலாம் எண்காரி எழுந்து போய் மார்லிஸைக் கட்டிப்பிடித்தாள்.

"உதவியா?" என்றாள் லொரெட்டா. "ஜன்னலுக்கு நேர் கீழயா? தோட்டத்துக் கோடியில வைக்க வேண்டியதுதானே? ஆரின், நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க."

எல்லாரும் ஆரினைப் பார்த்தார்கள். மார்லிஸும் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, அன்பாக.

"மூஸ் எப்படி இருக்கான் ஆரின்? இந்த மாசம்தானே அவன் கையெழுத்து?"

ஆரின் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு... கண்ணு இப்பல்லாம் சரியா தெரியறதில்ல" என்றார்.

அதற்கப்புறம் பேச ஆளாளுக்கு வாய் வந்தது. தனியாக உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே என்றார் ஒருவர். இந்த மண்டபத்துக்குள் இப்படி ஒரு கடுமை வந்ததே இல்லை என்றார் இன்னொருவர். தேனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லொரெட்டாவின் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். அது அவர்களைக் காயப்படுத்திவிட்டதாம். அவள் மன்னிப்புக் கேட்டாள். ஆமாம், அவள்தான் கேட்டாள். என் பெண் வரணும், தயவுசெய்து, என்று சொல்லும்போது அழுதே விட்டாள். ஒருத்தி காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

அட்டை காட்டுகிற நேரம் வந்தது. முதலில் பச்சையைத் தூக்கியது மார்லிஸ். எனக்கு இவள்மேல் எந்த வருத்தமும் இல்லை என்று முகமெல்லாம் ஈரமாகச் சிரித்தாள். மற்றவர்கள் மஞ்சளைத் தூக்கினார்கள். மஞ்சள் என்றால் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று அர்த்தம், முகவரிக் கடிதம் மட்டும் உடனே கிடைத்துவிடும். லொரெட்டா எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்து மஞ்சள் எண்ணியாயிற்று. மிச்சம் ஆரின் ஒருவர்தான். அவர் தலை நிமிராமல் சிவப்பைத் தூக்கினார்.

மறுநாள் வேலை முடிந்து, வாளியில் ஷூவைப் போடாமல், போட்டபடியே முற்றத்தைக் கடந்து வந்தாள். கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து.

'அன்பான லொரெட்டா, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த வீடு உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு ஏற்ற இடம் வேறெங்கோ காத்துக்கொண்டிருக்கிறது. வாழ்த்தி வழியனுப்புகிறோம், அமைதியாகப் போய் வாருங்கள்.' கீழே சின்னப் பூ. எறும்புக்கு மூன்று நாள் கொடுத்தவர்கள் அவளுக்கு முப்பது நாள் கொடுத்திருந்தார்கள், அந்த அளவுக்கு வித்தியாசம் வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஜோலி போனில் கட்டிலைப் பற்றிக் கேட்டாள். கட்டில் நன்றாக இருக்கிறது என்றாள் லொரெட்டா. அப்புறம் பாட்டி போனை வாங்கி, வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவள் சொன்னாள். எனக்குத் தெரியும், உன்னால் எங்கேயும் நிலையாக இருக்க முடியாது, நீதிபதிக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பாட்டி வைத்துவிட்டாள்.

மே கடைசியில் காலி செய்தாள். பேக்கரியில் ஈரம் பட்டுக் கட்டியான பொடிச் சர்க்கரை மூட்டை ஒன்றைத் தூக்கிப்போட இருந்தார்கள். இருபது கிலோ இருக்கும். அதை அவள் கேட்டு வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி நாள் காலை, மார்லிஸ் தேன்பெட்டிகளைப் பார்க்க ஆற்றங்கரைப் பக்கம் போயிருந்தாள். லொரெட்டா அவள் வீட்டு மரத் தரைக்கு அடியில் காற்றுப் போக விட்டிருந்த பொந்தின் தகர மூடியைக் கழற்றி, சர்க்கரை முழுவதையும் உள்ளே கொட்டி, தகரத்தைப் பழையபடி மாட்டினாள். நிமிர்ந்தபோது மூஸைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆரின் பத்தடி தூரத்தில் நின்றார். அவள் அவரையே பார்த்தாள். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. அவருக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே.

கிளம்பும்போது மார்லிஸ் ஓடி வந்து ஒரு புதினாத் தொட்டியைக் கையில் கொடுத்தாள். புது வீட்டு ஜன்னலில் வை கண்ணு, எறும்பு வராது என்றாள். கோபம் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள்.

"கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த லெட்டரப் படிச்சிட்டு எந்த எறும்பாவது போயிருக்கா?"

மார்லிஸ் சிரித்து, பாசத்தோடு எழுதினால் போகும் என்றாள்.

ஜூன் பாதியில் மார்லிஸ் வீட்டுக்குள் எறும்பு வந்தது. தரைப் பலகை ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் வந்தது. அலமாரி, தேன் பாட்டில், படுக்கை எதுவும் மிச்சமில்லை. அவள் கடிதம் எழுதினாள். மூன்று கடிதம் எழுதினாள், ஒவ்வொன்றிலும் பூ வரைந்து. வினிகர், பட்டை, கிராம்பு எல்லாம் ஆயிற்று. ஜூலையில் ஒரு நாள், பேர் எழுதாத வெள்ளை வேன் ஒன்று பின்பக்கத் தெருவில் வந்து நின்றது. முகமூடி போட்ட ஆள் ஒருவன் அவள் வீட்டுத் தரைக்கு அடியில் குழாயை விட்டும், சுவரோரப் பூச்செடிகள்மேலும் மருந்து அடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ஆற்றங்கரையில் பெட்டி பெட்டியாகத் தேனீ செத்துக் கிடந்தது. சபையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறாம் எண் வீட்டில் கொரின் இருந்தாள், அவள் வீட்டில் ஒரு எறும்பு கூட இல்லை. சுத்தமாக இருக்கிறவர்கள் வீட்டில் வராது என்று நாலாம் எண்காரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் ஆரின்தான் போன் செய்து லொரெட்டாவிடம் சொன்னார். அவள் சிரிப்பாள், தன் சிவப்பு அட்டையை அவள் மறந்துவிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். லொரெட்டா அப்போது பேக்கரிக்குப் பின்னால் காரில் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் மெத்தையும் போர்வையும் கிடந்தன. மஞ்சள் கட்டிலைக் கழற்றி பேக்கரிக் கிடங்கில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ஜூன் கெடு போய்விட்டது. ஜோலி போய்ஸியிலேயேதான் இருந்தாள். அடுத்த விசாரணை பிப்ரவரியில்.

அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் லொரெட்டா பொறுமையாகக் கேட்டாள்.

"மூஸுக்குக் கையெழுத்துப் போட்டாங்களா?" என்றாள்.

"போட்டாம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.